தெருவின் வேகம் யார் பொறுப்பு?

ஆவடியில் ஒரு தெருமுனைக்கு வேகத்தடையோ ஜீப்ரா கோடோ வேண்டும் என்றால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சாலை யாருடையது என்பதைத்தான். குடியிருப்புகளுக்குள் ஓடும் தெருக்கள் மாநகராட்சிக்கு உரியவை. பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் செல்லும் சி.டி.எச். சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களின் குடியிருப்புகளுக்குள் இருக்கும் சாலைகளை அந்தந்த நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. ரயில் நிலைய வளாகம் ரயில்வேக்குச் சொந்தம். இவை எல்லாவற்றிலும் வாகனங்களை நிறுத்தி அபராதம் விதிக்க வேண்டியது காவல்துறை. பள்ளிக்கு நடந்துபோகும் ஒரு பிள்ளை பத்து நிமிடத்துக்குள் இந்த எல்லைகளில் இரண்டு மூன்றைக் கடந்துவிடும்.

நிர்வாக எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது, 48 வார்டுகள். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆவடிக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படுகிறது. ஆனால் ஆணையரகத்தின் எல்லை மாநகராட்சியின் எல்லையைவிடப் பல மடங்கு பெரியது. பக்கத்து அம்பத்தூர் 2011 முதல் பெருநகர சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். அங்கே சட்டம் ஒழுங்கு ஆவடி ஆணையரகத்திடம். பூந்தமல்லி தனி நகராட்சி. அதற்கும் காவல் ஆவடியிலிருந்துதான். சாலை போடுகிற அலுவலகம் ஒரு ஊரில், அந்தச் சாலையில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிற அலுவலகம் இன்னொரு ஊரில் என்ற நிலை மேற்குப் புறநகர் முழுக்க இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுக்கும் குடியிருப்போர் சங்கங்கள் பாதியிலேயே சோர்ந்துபோவதற்கு முதல் காரணம் இந்தச் சிக்கல். மனு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும்; போய்ச் சேர்ந்த மேசை வேறாக இருக்கும்.

ஆவடியின் போக்குவரத்துக்குத் தனி இயல்பு உண்டு. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு, ஷிப்ட் நேரங்களை ஒட்டி இயங்கும் ஊராக இது வளர்ந்தது. ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் சைக்கிள்களும் இருசக்கர வாகனங்களும் மொத்தமாகச் சாலைக்கு வரும். அதே நேரத்தில் புறநகர் மின்ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் பேருந்தையும் ஷேர் ஆட்டோவையும் தேடி சி.டி.எச். சாலையைக் குறுக்கே கடக்கிறது. பூந்தமல்லிப் பக்கமிருந்தும் செங்குன்றம் பக்கமிருந்தும் வருகிற லாரிகள் இதே இடத்தில் வந்து கலக்கின்றன. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை கனரக வாகனங்களில் ஒரு பகுதியை ஊருக்கு வெளியே கொண்டுபோனது உண்மை. ஆனால் பிரதான சாலை நெரிசலாகும்போது இருசக்கர வாகனங்களும் கார்களும் உள்தெருக்களில் புகுந்து குறுக்குவழி தேடுகின்றன. கோலம் போடுகிற, பிள்ளைகள் பந்து விளையாடுகிற தெரு அப்படித்தான் ஒரு போக்குவரத்துத் தடமாக மாறுகிறது. அந்த வாகனங்களை அங்கே போகச் சொல்லி யாரும் அனுமதி கொடுத்ததில்லை, தடுக்கவும் ஆளில்லை.

அரசு இதுவரை மக்களிடம் கொண்டுசென்ற சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் பெரும்பாலும் ஓட்டுநரின் நடத்தையைப் பற்றியது. ஜனவரியில் ஒரு வாரம் கொண்டாடப்பட்டுவந்த தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரம் 2021இல் ஒரு மாதமாக நீட்டிக்கப்பட்டது. தலைக்கவச ஊர்வலம், பள்ளிகளில் ஓவியப் போட்டி, லாரி ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை, துண்டுப் பிரசுரம் ஆகியவை அந்த மாதத்தின் வழக்கமான நிகழ்ச்சிகள். சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2024 ஆகஸ்டில் விபத்தில்லா நாள் என்ற இலக்கோடு நகரம் முழுக்க நடத்திய பிரசாரம் பரவலாகப் பேசப்பட்டது. பள்ளி மாணவர்களைக் கொண்டு இயங்கும் சாலைப் பாதுகாப்பு ரோந்துப் படையும் சென்னையில் நெடுங்காலமாக இருக்கிறது. இவற்றால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசத்தை வலியுறுத்துகிற எந்த முயற்சியும் உயிர்களைக் காக்கும். அதே ஆண்டில் 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இறந்தவர்கள் 17,884 பேர்.

ஆனால் அந்த ஆண்டில் நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். அவருக்குத் தலைக்கவசப் பிரசாரம் எதுவும் தராது. அவருக்கு வேண்டியது நடக்க ஒரு பாதை, கடக்க ஓர் இடம், எதிரே வருகிற வாகனத்தின் வேகம் குறைவு. இந்த மூன்றையும் தனிமனிதர் யாரும் தமக்குத் தாமே செய்துகொள்ள முடியாது. மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் காவல்துறையும்தான் செய்ய முடியும். தெருமக்களின் முயற்சிக்கு நகரம் தருகிற ஆதரவு என்பது இந்த மூன்றையும் செய்து கொடுப்பதுதான். பேரணிக்குக் கொடியசைப்பது அதில் மிகச் சிறிய பகுதி.

வேகத்தின் கணக்கு எளிது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற வாகனம் நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், நல்ல தார்ச்சாலையில் அந்தக் கார் மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருகிற கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டரைக் கடந்திருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காரின் பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கியிருக்காது. முழு வேகத்தில் மோதும். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் வேகம் 30ஐத் தாண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் சொன்னதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். சென்னை போக்குவரத்துக் காவல்துறையும் 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றியமைத்தபோது குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்றே வைத்தது.

வரம்பை அறிவித்துவிட்டால் வேகம் தானாகக் குறைந்துவிடாது. அகலமாக, நேராக, வழுவழுப்பாகப் போடப்பட்ட சாலை ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்கிறது. ஓரத்தில் நிற்கும் பலகை மெதுவாகப் போகச் சொல்கிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பொதுமக்கள் உடனே வேகத்தடையைக் கேட்கிறார்கள். விபத்து நடந்த மறுநாள் எங்கும் எழுகிற முதல் கோரிக்கை அது. சில இடங்களில் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து சிமெண்டும் ஜல்லியும் கொண்டுவந்து தெருக்காரர்களே போட்டுவிடுவதும் உண்டு.

அவசரத்தில் போடப்பட்ட வேகத்தடை இன்னொரு விபத்துக்குக் காரணமாகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வளைவான வேகத்தடை சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். இந்த அளவில் கட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற வாகனம் குலுங்காமல் ஏறி இறங்கும், அதற்கு மேல் வேகமாக வருகிற வாகனம் மட்டும் தண்டனை அனுபவிக்கும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, இரவில் தெரிகிற வண்ணப்பட்டை, மேலே தெருவிளக்கு ஆகியவையும் வேண்டும். நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பதும் விதி. தெருக்களில் நாம் காண்பதோ ஒரு முழ அகலத்தில் சுவர் போல எழும்பி நிற்கிற மேடு. மெதுவாக வருகிறவரையும் அது தூக்கிப் போடுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணையோ முதியவரையோ கீழே தள்ளுகிறது. கர்ப்பிணியை ஏற்றிவரும் 108 ஆம்புலன்ஸை நிறுத்திவிடுகிறது. எனவே ஒரு சங்கம் மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது வெறும் வேகத்தடையை அல்ல, வழிகாட்டி அளவில் கட்டிய வேகத்தடையை. அளவைக் குறிப்பிட்டு எழுதிய மனுவுக்குப் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

வேகத்தடையைவிடச் சிறந்த வழிகளும் இருக்கின்றன, அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. தெருமுனையில் நடைபாதையைச் சற்று வெளியே நீட்டிக் கட்டினால் வாகனம் திரும்பும்போது வேகம் குறையும். கடக்க வேண்டிய தூரமும் குறையும். கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அதுவே வேகத்தடையாகவும் வேலை செய்யும். அகலமான சாலையில் நடுவே ஒரு பாதுகாப்புத் திட்டு இருந்தால், முதியவர் பாதிச் சாலையைக் கடந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைக் கடக்கலாம். நடைபாதையில் தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பதும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறை. மின்பெட்டியும் விளம்பரப் பலகையும் நிறுத்தப்பட்ட பைக்கும் போக எஞ்சுவதையே அகலமாகக் கணக்கிட வேண்டும் என்பதால், நம் ஊர் நடைபாதைகள் பலவும் அந்த அளவைத் தொடுவதில்லை.

இதையெல்லாம் செய்யும்படி அரசைக் கேட்பதற்குச் சட்ட அடிப்படை வலுவாகவே இருக்கிறது. அதை உருவாக்கியதில் ஒரு தமிழ் மருத்துவரின் பங்கு பெரியது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2014இல் நீதிமன்றம் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பு, ஒவ்வொரு மாநிலமும் சாலைப் பாதுகாப்புக் கொள்கை வகுக்க வேண்டும், தலைமை அமைப்பு ஒன்றை நிறுவ வேண்டும், போக்குவரத்து அபராதத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு சாலைப் பாதுகாப்பு நிதி உருவாக்க வேண்டும், மாவட்டம்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சாலை வடிவமைப்பைத் தணிக்கை செய்வதும் அதில் அடக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் இன்னொரு படி மேலே போனது: வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 198ஏ பிரிவு. தலைக்கவசம் போடாதவருக்கு 1,000 ரூபாய் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிரிவு அதில் பாதியளவுகூடத் தெரிந்திருக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மாவட்டக் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். காவல், நெடுஞ்சாலை, வட்டாரப் போக்குவரத்து, உள்ளாட்சி என்று பிரிந்து கிடக்கும் துறைகள் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால், சி.டி.எச். சாலைக்கும் மாநகராட்சித் தெருவுக்கும் இடைப்பட்ட சிக்கல் எதுவானாலும் அங்கே கொண்டுபோகலாம். தெரு அளவிலான பிரச்சினைக்குப் பகுதி சபா இருக்கிறது. நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபா விதிகளை மாநில அரசு 2022இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சிகள் தினத்தில், முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஊராட்சிக்குக் கிராம சபை எப்படியோ, வார்டுக்குப் பகுதி சபா அப்படி. அங்கே நிறைவேறும் கோரிக்கை வார்டு குழு வழியாக மாநகராட்சிக்குப் போகிறது. தனி மனு ஒரு கோப்பில் படுத்துவிடலாம். கவுன்சிலர் முன்னிலையில் நாற்பது பேர் பேசிப் பதிவான கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் கேட்கலாம்.

அப்படிக் கேட்கும்போது எதைக் காட்டுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது விபத்துக் கரும்புள்ளி. அரசின் கவனமும் பணமும் முதலில் அத்தகைய இடங்களுக்குப் போவது நியாயம்தான். ஆனால் ஒரு குடியிருப்புத் தெரு அந்தக் கணக்குக்குள் ஒருநாளும் வராது. ஐந்தாவது விபத்துக்காகக் காத்திருக்கவும் முடியாது. பள்ளி விடும் நேரத்தில் எந்த மூலையில் ஆட்டோக்கள் முட்டிக்கொள்கின்றன, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டு மதில் திருப்பத்தை மறைக்கிறது, நேற்று எங்கே ஒரு பாட்டி நூலிழையில் தப்பினார் என்பவை எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் இல்லை. டீக்கடைக்காரருக்கும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாய்மார்களுக்கும் தெரியும். தப்பிய விபத்துகளைத் தேதி, நேரம், இடம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பதே ஒரு சங்கம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. நடந்த விபத்துகளின் இடத்தைக் கைபேசிச் செயலி மூலம் துல்லியமாகப் பதியும் முறை சில ஆண்டுகளாகக் காவல்துறையில் நடைமுறையில் இருக்கிறது. அதை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்குண்டு. அந்தப் பதிவையும் தெருவின் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற மாநகராட்சிப் பொறியாளர், அடுத்த விபத்து எங்கே நடக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 1997இல் தொடங்கி, 2021இல் புத்துயிர் பெற்ற நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு ஏற்கும். மக்களிடம் அப்படிப் பணம் திரட்ட முடியும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சென்னை காவல்துறை நடத்திய மூன்றாவது கண் இயக்கத்தில், குடியிருப்போர் சங்கங்களும் கடைக்காரர்களும் கைக்காசு போட்டுத் தெருத்தெருவாகக் கண்காணிப்புக் கேமரா பொருத்தினார்கள். அன்றைக்கு ஆவடியும் அம்பத்தூரும் சென்னைக் காவல் எல்லைக்குள்தான் இருந்தன. திருடனைப் பிடிக்கச் சேர்ந்த அந்த ஊக்கத்தில் ஒரு பகுதி பள்ளி வாசலில் ஒரு நல்ல கடப்பிடத்துக்குச் சேர்ந்தால் போதும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வசதியுள்ள நகரில் பங்குத்தொகை ஒரு மாலையில் சேர்ந்துவிடும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் வாழும் தெருவில் சேராது. நடந்து செல்கிறவர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான். அத்தகைய தெருக்களுக்கு மாநகராட்சி தன் பொது நிதியிலிருந்தே செலவிட வேண்டும்; உயிர்ப் பாதுகாப்பைப் பங்குத்தொகையோடு முடிச்சுப் போடக் கூடாது.

மக்கள் இயக்கத்துக்கு அரசு கைகொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, குழந்தைக் கொலையை நிறுத்து என்ற பொருளில், ஒரு பெற்றோர் இயக்கத்தின் பெயரானது. அவர்கள் சாலைகளை மறித்தார்கள், தெருக்களை மூடிப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அரசு அவர்களை விரட்டவில்லை. இயக்கத்துக்கு மானியம் கொடுத்து, தெரு வடிவமைப்பில் ஆலோசனை கேட்டது. வாகனம் நடையின் வேகத்தில் மட்டுமே போகக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்கு 1976இல் அங்கே சட்ட அந்தஸ்தே கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுகிறவர்களையும் முன்னிறுத்தும் கொள்கையை 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்குவது அதன் நோக்கம். நடைமுறை அந்த அளவை எட்டவில்லை என்றாலும், 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தக் கொள்கையிலிருந்து வந்தது. ஆவடி இளம் மாநகராட்சி. இன்னும் பல சாலைகள் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டப்பட்டுப் புதிதாகப் போடப்பட வேண்டியவை. எப்படியும் போடப்போகிற சாலையை நடைபாதையோடும் கடப்பிடத்தோடும் போடுவதற்கு ஆகிற கூடுதல் செலவு குறைவு. போட்டு முடித்த சாலையை உடைத்துத் திருத்துவதற்கு ஆவது அதிகம். அதனால் ஒரு தெருவின் சாலைப் பணிக்கு மதிப்பீடு தயாராகிற நேரம்தான் சங்கங்கள் பேச வேண்டிய நேரம்.

விபத்து நடந்துவிட்ட பிறகான உதவியும் இந்த முயற்சியின் ஒரு பகுதி. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவரிடம் பெயர் முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக வரும்படி வற்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் அது 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். பக்கத்தில் எந்த மருத்துவமனை இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஆட்டோ நிறுத்தத்திலும் கடைத்தெருவிலும் எழுதி ஒட்டுவது ஒரு நாள் வேலை. சாலைப் பாதுகாப்பு மாதத்தில் அச்சாகும் துண்டுப் பிரசுரங்களில் இந்தத் தகவல்தான் முதலில் இடம்பெற வேண்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. ஜீப்ரா கோட்டின் வெள்ளை வண்ணம் பேருந்தும் லாரியும் ஓடுகிற சாலையில் சில மாதங்களில் தேய்ந்துவிடும். ஒரு பருவமழைக்குப் பிறகு பல இடங்களில் கோடு இருந்த தடமே தெரியாது. வேகத்தடையின் வண்ணப்பட்டையும் அப்படியே. சாலைக்கு மறுதார் போடும்போது வேகத்தடை புதைந்துபோவதும், நடைபாதைக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசம் மறைந்து பைக்குகள் ஏறிவிடுவதும் வழக்கம். எனவே ஒவ்வொரு அமைப்புக்கும் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த நிதியிலிருந்து புதுப்பிப்பது என்பதை முதல் உத்தரவிலேயே எழுதிவாங்க வேண்டும். மாநகராட்சித் தெருவானால் மண்டலப் பொறியியல் பிரிவு, சி.டி.எச். சாலையானால் நெடுஞ்சாலைக் கோட்டம், சிக்னலும் பேரிகார்டும் ஆனால் போக்குவரத்துக் காவல். பள்ளிகள் ஜூனில் திறப்பதற்கு முன்பும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலும், ஆண்டுக்கு இரண்டு முறை சங்கமும் வார்டுப் பொறியாளரும் போக்குவரத்து உதவி ஆய்வாளரும் சேர்ந்து தெருவை நடந்து பார்த்தால், எது தேய்ந்தது, எது உடைந்தது, எது புதைந்தது என்பது ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும்.